தங்கை வீடு திரும்பி 15 ஆண்டுகள்: ஓர் அண்ணனின் கேள்விக்குப் பதில்

கேள்வி:

நான் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவன். 2008 டிசெம்பரில் நாங்கள் இடம்பெயர்ந்து தருமபுரத்தில் இருந்தோம். வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் (விடுதலைப் புலிகள்) ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்த காலம். அம்மா என்னைப் பதுங்குகுழிக்குள் ஒளித்து வைத்திருந்தார். சங்கக்கடை வரிசையில் நின்ற தங்கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவளுக்கு அப்போது 16 வயது. அடுத்த மே மாதம் ஓமந்தையில் இராணுவத்திடம் சரணடைந்து, ஒரு வருடம் புனர்வாழ்வில் இருந்து, 2010இல் வீட்டுக்கு வந்தாள். இப்போது 33 வயது. திருமணம் ஆகவில்லை. எங்களோடுதான் இருக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். அம்மாவோடு மட்டும் சின்ன விஷயங்களுக்கெல்லாம் சண்டை பிடிப்பாள். பாரம் தூக்கமாட்டாள், அதனால் சோம்பேறி என்ற பெயர். என் மகளை அவளோடு ஓர் அறையில் படுக்க என் மனைவி விடுவதில்லை. மகளின் சாமத்திய வீட்டில், "நீ படத்தில் நிற்காதே பிள்ளை" என்று பெரியம்மா ஒருவர் சொல்லிவிட்டார். அயலில் உள்ள ஓர் அம்மா, தன் மகனைப் பிடிக்க வந்தவர்களோடு இவளும் வந்தாள் என்று சொல்கிறார். அந்த மகன் இன்றுவரை திரும்பவில்லை. இப்போது தங்கைக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. அவளை மனம் விட்டுப் பேச வைப்பது எப்படி? வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏதாவது பரிகாரம் செய்யலாமா? மாப்பிள்ளை வீட்டாருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் மூன்று கேள்விகளும் தங்கையை என்ன செய்யலாம் என்பதைப் பற்றியவை. ஆனால், கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் சம்பவங்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பிள்ளையை அவரோடு படுக்க விடாதது, படத்தில் நிற்க விடாதது, சோம்பேறி என்று பெயர் வைத்தது எல்லாம் மற்றவர்கள் செய்தவை. வீட்டில் தங்கை செய்ததாக நீங்கள் எழுதியிருப்பவை, பேசாமல் இருப்பதும் அம்மாவோடு சண்டை பிடிப்பதும் பாரம் தூக்காததும் மட்டுமே. ஆகவே, கேள்விகளுக்கு வருமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: போரிலிருந்து திரும்பிய ஒரு பிள்ளையை வீட்டோடும் ஊரோடும் சேர்ப்பதில் பெரும்பகுதி, சேர்த்துக்கொள்ள வேண்டியவர்களின் வேலை. உங்கள் வீட்டில் அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அதற்கு உங்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சரணடையும் சிறுவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தாமல் புனர்வாழ்வுக்கு அனுப்புவதற்கான அவசரகால ஒழுங்குவிதிகள் 2008 டிசெம்பரிலேயே வந்துவிட்டன. 2009இல் அவற்றின்படி 594 சிறுவர்களும் சிறுமிகளும் அம்பேபுஸ்ஸ நிலையத்திலும், பின்னர் படிக்க விரும்பியவர்கள் இரத்மலானை இந்துக் கல்லூரியிலும், தொழில் பழக விரும்பியவர்கள் வவுனியா பூந்தோட்டத்திலும் வைக்கப்பட்டு, 2010 மே மாதத்துக்குள் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். வயது வந்தவர்கள் பலர் அதற்குப் பின்னும் தடுப்பில் இருந்தார்கள் என்பதை நினைத்தால், பிள்ளைகள் ஓராண்டில் வீட்டுக்கு வந்தது நல்ல விஷயமே. ஆனால், அந்த ஓராண்டில் நடந்ததெல்லாம் பிள்ளைக்கான பயிற்சி. பிள்ளையைத் திரும்பப் பெற்றுக்கொண்ட வீடு, அதுவும் இடம்பெயர்ந்து, இருந்ததெல்லாம் இழந்து, மெனிக் பாம் அகதி முகாமின் கூடாரத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய வீடு, அவரை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுக்க யாரும் வந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. யாழ்ப்பாணத்தின் மூத்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், வடக்கின் காயத்தைத் தனி ஆட்களின் நோயாக மட்டும் பார்த்தால் போதாது, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டிருக்கின்றன என்று நெடுங்காலமாக எழுதி வந்திருக்கிறார். உங்கள் வீட்டுக்கு அது அப்படியே பொருந்துகிறது.

பிற நாடுகளில் கண்டதும் இதையே சொல்கிறது. மேற்கு ஆபிரிக்காவின் சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த போரில் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளை, அமெரிக்க ஆய்வாளர் தெரேசா பெட்டன்கோர்ட்டும் அவருடைய குழுவினரும் 2002 முதல் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். போரில் எதைக் கண்டார்கள், எதைச் செய்தார்கள் என்பது அவர்களைப் பாதிக்கத்தான் செய்தது. ஆனால், திரும்பி வந்த பின் ஊர் அவர்களை ஏற்றதா ஒதுக்கியதா, வீட்டில் ஆதரவு கிடைத்ததா, படிப்பைத் தொடர முடிந்ததா என்பவற்றைப் பொறுத்து, ஒரே மாதிரியான கொடுமைகளைக் கண்டவர்களிடையேகூடப் பெரிய வேறுபாடு தெரிந்தது. நேபாளத்தில் மாவோயிஸ்டுகளோடு இருந்து திரும்பிய 141 பிள்ளைகளையும், ஒருபோதும் சேர்க்கப்படாத 142 பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. இரு தரப்பினரும் அனுபவித்த கொடுமைகளின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னரும், திரும்பி வந்தவர்களின் மனநிலை மோசமாகவே இருந்தது. பெண்பிள்ளைகளிடம் இது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. ஆண்களோடு காட்டில் இருந்தவள், தீட்டு, ஆசாரம் பார்க்காதவள் என்று ஊர் அவர்களைப் பார்த்த பார்வைக்கு அதில் பங்கு உண்டு. இயக்கத்திலிருந்து வந்த பெண்பிள்ளையின் கட்டையாக வெட்டிய முடியைப் பார்த்தே வன்னியில் எவ்வளவு பேசினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மனைவியின் பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது ஒவ்வோர் இரவும் நடக்கிறது. அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. போர் பழகிய ஒருவர் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கையை நீட்டிவிடுவார் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. மொசாம்பிக்கில் ரெனாமோ கிளர்ச்சிப் படையிலிருந்து மீட்கப்பட்ட 39 பையன்கள் 1988இல் மபூட்டோ நகரின் லான்கேனே நிலையத்தில் பராமரிக்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் மிகச் சிறிய வயதில் கொலை செய்யப் பழக்கப்பட்டவர்கள். 16 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலானோர் குடும்பத்தோடு, தோட்டம் செய்துகொண்டு, அயலவர் மதிக்கும்படி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கெட்ட கனவும் பழைய நினைவும் முற்றாகப் போய்விடவில்லை. அவற்றை வைத்துக்கொண்டே வாழப் பழகியிருந்தார்கள். படையில் சில மாதங்கள் மட்டும் இருந்தவர்களைவிட, ஓராண்டுக்கு மேல் இருந்தவர்களே கூடுதலாகச் சிரமப்பட்டார்கள். உங்கள் தங்கை இருந்தது ஐந்து மாதம். அதன் பிறகு 15 ஆண்டுகள் உங்கள் கூரைக்குக் கீழ் இருந்திருக்கிறார். இத்தனை காலத்தில் பிள்ளையை அவர் ஒருமுறையாவது அடித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. மனைவி பயப்படுவதற்கு அவருடைய நடத்தையில் ஏதாவது காரணம் இருந்தால் அதை வெளிப்படையாகப் பேசுங்கள். இல்லையென்றால், மகள் மாமியோடு படுக்க விரும்பும் இரவில் படுக்கட்டும். மகளுக்கு ஓரளவு விவரம் தெரிகிற வயது. அவர் கேட்டால், "மாமியைச் சின்ன வயதில் பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு திரும்பி வந்தார்" என்பது உண்மையான, போதுமான பதில்.

பேச வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பேச வைக்க வேண்டாம். நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தால்தான் மனம் ஆறும் என்பது சினிமாவில் சரி. வாழ்க்கையில், கேட்பவர்களின் ஆவலுக்காகக் கதை சொல்ல வைக்கப்பட்டவர்கள் பலர் அதன்பின் பல நாட்கள் நித்திரை இல்லாமல் தவிக்கிறார்கள். உங்கள் தங்கையின் வயதுக்காரர்கள் ஓமந்தையில் சொன்னார்கள், முகாமில் சொன்னார்கள், பிறகு வீட்டுக்கு வந்த விசாரணைக்காரர்களிடமும் சொன்னார்கள். யாராவது தன் கதையைக் கேட்டால் அது விசாரணை என்றுதான் அவருடைய உடம்புக்குத் தெரியும். அவராக ஏதாவது சொன்னால் இடைமறிக்காமல் கேளுங்கள், "பிறகு?" என்று தூண்டாதீர்கள், கேட்டதை மனைவியிடமும் சொல்லாதீர்கள்.

ஆனால், பேச வேண்டிய ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார். அவர் நீங்கள். உங்கள் கடிதத்தில் "அம்மா என்னை ஒளித்து வைத்திருந்தார்" என்ற வாக்கியமும் "தங்கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள்" என்ற வாக்கியமும் அடுத்தடுத்து வருகின்றன. வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் உங்கள் வீட்டிலிருந்து யார் போனார் என்பது மூவருக்கும் தெரியும். 15 ஆண்டுகளாக மூவரும் அதைச் சொல்லவில்லை. தங்கை அம்மாவோடு சோற்றுக்கும் குழம்புக்கும் பிடிக்கும் சண்டை உண்மையில் சோற்றையும் குழம்பையும் பற்றியதல்ல என்பது என் ஊகம். உங்களை ஒளித்தது அம்மாவின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த மாதங்களில் ஒரு தாய் எடுத்த முடிவை வெளியிலிருந்து எடை போட எவருக்கும் உரிமை இல்லை. பிள்ளைகளைப் பிடித்தவர்களின் குற்றம் பிடித்தவர்களுடையதே. இருந்தாலும், "நான் உள்ளே இருந்தேன், நீ போனாய், அது எனக்குத் தெரியும்" என்று அண்ணனின் வாயிலிருந்து வருவது வேறு. ஒருமுறை சொல்லுங்கள், தனியே சொல்லுங்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள். மன்னிப்பாயா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போகலாம், கோபப்படலாம். அதனால் நீங்கள் சொன்னது வீணாகிவிடாது. அம்மாவிடம் இதைச் சொல்ல வைக்க முயல வேண்டாம். அவருடைய வயதில், அவருக்கு முடிந்தால் அவராகச் சொல்வார்.

அடுத்தது, வீட்டில் அவருக்குள்ள இடம். சாமத்திய வீட்டில் நடந்தது சிறிய விஷயமல்ல. பெரியம்மா சொன்னபோது அங்கே நின்றவர்கள் யாரும் மறுத்ததாக நீங்கள் எழுதவில்லை. பெண்ணின் அப்பாவுடைய கூடப்பிறந்த சகோதரி, அதாவது சொந்த மாமி, இல்லாத குடும்பப் படம் என்ன படம்? அடுத்த முறை அப்படி ஒரு சொல் வரும்போது அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னாலும், "அவள் நிற்பாள்" என்று நீங்கள் சொல்ல வேண்டும். பிறகு தனியே வந்து ஆறுதல் சொல்வது இதற்கு ஈடாகாது. அழைப்பிதழ் கொடுக்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். செத்தவீட்டுக்கும் கல்யாணவீட்டுக்கும் குடும்பத்தின் சார்பில் சில வேளை அவரை அனுப்புங்கள். மகளின் பாடசாலைக் கூட்டத்துக்கு அவர் போகட்டும். வீட்டுச் செலவு, காணி, கடன் பற்றிய பேச்சில் அவருடைய கருத்தையும் கேளுங்கள். ஊர் ஒருவரை எங்கே வைப்பது என்று வீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

வேலையும் இதில் அடங்கும். அவர் என்ன தொழில் பழகினார் என்று நீங்கள் எழுதவில்லை. பெண் என்பதால் தையலாக இருக்கக்கூடும். புனர்வாழ்வு பெற்ற பெண்களுக்கும், கணவரை இழந்த பெண்களுக்கும், உதவி செய்ய வந்த பல அமைப்புகள் தையல் இயந்திரத்தையே கொடுத்தன. ஒரே கிராமத்தில் எத்தனை பேர் தைத்து வாழ முடியும் என்று ஒருவரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த இயந்திரம் மூலையில் கிடந்தால் அதற்கும் சோம்பேறித்தனம் என்று பெயர் வைக்காதீர்கள். அவருக்கு எதில் விருப்பம் என்று கேளுங்கள், வரும் பணத்தை அவர் பெயரிலேயே வங்கியில் போடுங்கள், நுண்கடன் எடுத்துத் தொடங்கும் யோசனைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

அயலில் உள்ள அம்மாவின் விஷயம் மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமானது. அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். பிடிக்கப்பட்ட பிள்ளைகளையே அடுத்த பிள்ளைகளைப் பிடிக்க அழைத்துப் போனதுண்டு. சிறுவர் போராளிகளைப் பற்றி 2007இல் பாரிஸில் நாடுகள் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகள், இப்படிப்பட்ட பிள்ளைகளையும் முதலில் பாதிக்கப்பட்டவர்களாகவே பார்க்க வேண்டும் என்கின்றன. 16 வயதில், துப்பாக்கி வைத்திருப்பவரின் கட்டளைக்குக் கீழ், போ என்றால் போகாமல் இருக்க முடியாது. இது நீங்களும் உங்கள் வீட்டாரும் மனதில் உறுதியாக வைத்திருக்க வேண்டியது. ஆனால், மகனைத் தேடி, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் படத்தோடு போய் உட்கார்ந்திருக்கக்கூடிய ஒரு தாயிடம், "அவளும் குழந்தைதானே" என்று வாதாடாதீர்கள். அந்த நியாயம் அவருடைய துக்கத்துக்குப் பதிலாகாது. தங்கையிடமும் "உண்மையா?" என்று விசாரிக்காதீர்கள். உங்கள் குடும்பம் செய்யக்கூடியது, அந்த வீட்டோடு நல்லது கெட்டதில் முறிந்துபோகாமல் இருப்பது: அவர் சுகமில்லாமல் கிடந்தால் போய்ப் பாருங்கள், மகனுக்காக அவர் செய்யும் வழிபாட்டுக்கு அழைத்தால் போங்கள், அழைக்காவிட்டால் கோபிக்காதீர்கள். என்றாவது தங்கை தானாகவே அவரோடு பேச விரும்பினால், இரு வீடும் மதிக்கும் ஒருவர், ஓய்வுபெற்ற அதிபரோ மதகுருவோ, முதலில் அந்த அம்மாவின் சம்மதத்தைக் கேட்டுவிட்டு நடுவில் இருக்கட்டும். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி இருவரையும் சமாதானப்படுத்தும் ஏற்பாடு எதற்கும் நீங்கள் உடன்பட வேண்டாம்.

வற்றாப்பளைக்குப் போங்கள், தங்கை விரும்பினால். பரிகாரம் என்று சொல்லாதீர்கள். பரிகாரம் என்றால் அவர்மேல் தோஷம் இருப்பதாகிவிடும். வடக்கு உகண்டாவில் அச்சோலி மக்கள், பிள்ளைகளைப் பிடித்துச் சென்ற எல்.ஆர்.ஏ. கிளர்ச்சிப் படையிடமிருந்து தப்பி வந்த பிள்ளையை வீட்டு வாசலில் முட்டை ஒன்றை மிதித்து உள்ளே வரச் செய்வார்கள். நெடுநாள் வெளியே போய்த் திரும்பும் எவருக்கும் அங்கே அந்தச் சடங்கு உண்டு. அதில் முக்கியமாக நான் பார்ப்பது, சொந்தக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்று பிள்ளையை உள்ளே எடுக்கிறார்கள் என்பதைத்தான். வைகாசிப் பொங்கலுக்குக் கண்ணகி அம்மனிடம் போகும்போது, பிள்ளை உயிரோடு திரும்பியதற்கு அம்மாவின் நேர்த்திக்கடனாக, முழுக் குடும்பமும் சேர்ந்து போங்கள், பெரியம்மாவையும் கூப்பிடுங்கள். ஒன்றை மட்டும் யோசியுங்கள்: அந்தக் கோயில் முல்லைத்தீவில் இருக்கிறது. போர் முடிந்த கரை அருகில்தான். அந்த வழியே போக அவருக்கு மனம் இல்லையென்றால் வேறு கோயிலில் பொங்குங்கள்.

சம்பந்தம் பற்றி: மாப்பிள்ளை வீட்டாருக்கு எவ்வளவு சொல்வது என்பதற்கு முன்னால், தங்கைக்கு இந்தத் திருமணம் வேண்டுமா என்று யாராவது கேட்டீர்களா? வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு அங்கேயே முடிய வேண்டும். திருமணம் புனர்வாழ்வின் கடைசிப் படியல்ல. வேண்டும் என்றால் மறைக்காதீர்கள். வன்னியில் இதை மறைக்கவும் முடியாது. அவர்கள் எப்படியும் விசாரிப்பார்கள், பிறகு தெரியவந்தால் அது வாழ்நாள் முழுதும் அவரைக் குத்தும் ஆயுதமாகும். இரு வீட்டாரும் வாக்குக் கொடுக்குமுன், தங்கையும் அந்த மனிதரும் தனியே பேச ஓர் ஏற்பாடு செய்து, தங்கை தன் வாயாலேயே சொல்லட்டும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 16 வயதில் பிடிக்கப்பட்டேன், ஐந்து மாதம் இருந்தேன், ஒரு வருடம் புனர்வாழ்வில் இருந்தேன். அங்கே என்ன நடந்தது, என்ன செய்தார் என்பது கணவரானாலும் கேட்டு வாங்கும் உரிமை இல்லாத விஷயம். அந்த வயது ஆண்களில் பலருக்கும் இதே கதை இருப்பதால், உங்களைவிட மாப்பிள்ளைக்கு இது எளிதாகப் புரியவும் கூடும். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இதை ஒரு குறையாக வைத்துச் சீதனத்தைக் கூட்டிக் கேட்டால், அந்த வீட்டில் அவர் எப்படி நடத்தப்படுவார் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பதிவு, விசாரணை என்று இன்னமும் யாராவது வீடு தேடி வந்தால் தங்கையைத் தனியே அனுப்பாதீர்கள். வந்தவரின் பெயரையும் திகதியையும் எழுதி வையுங்கள். தொந்தரவு தொடர்ந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அல்லது வவுனியாப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம்.

கடைசியாக உடல்நலம். நித்திரை இல்லாமை, கெட்ட கனவு, திடீர்ச் சத்தத்துக்கு நடுங்குவது, நாட்கணக்கில் சாப்பிடாமல் கிடப்பது, செத்தால் நல்லது என்ற பேச்சு ஆகியவற்றில் எது இருந்தாலும் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே போங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் எந்நேரமும் அழைக்கலாம். ஆனால், உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது, அவர் பாரம் தூக்கமாட்டார் என்ற செய்தி. போரின் கடைசி மாதங்களில் முல்லைத்தீவுக் கரையில் இருந்து வந்த பலர் இன்னும் உடம்பில் சன்னத்தோடு, அதாவது குண்டுச் சிதறலோடு, வாழ்கிறார்கள். பெண்கள் அதை வீட்டாருக்குக்கூடச் சொல்வதில்லை. முதுகிலோ தோளிலோ சன்னம் இருக்கும் ஒருவரைத் தண்ணீர்க்குடம் தூக்கச் சொல்லிவிட்டு, தூக்காததற்குச் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். உங்கள் மனைவியோ, தங்கை நம்பும் வேறொரு பெண்ணோ அவரோடு சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போகட்டும். போர்க்காலக் காயம் என்று சொன்னால் மருத்துவருக்குப் போதும், எங்கே, எப்படி என்று விளக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரேயில் எதுவும் தெரிந்தால் அதை எடுப்பதா விடுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். எல்லாச் சன்னங்களையும் எடுக்க வேண்டியதில்லை. எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் உலோகத் துண்டு இருக்கலாம் என்பதை இயந்திரத்துக்குள் போகுமுன் அவர்களிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.